நீ உடைத்த தகர மனிதர்கள்

தம்பி,

நீ உடைத்தவற்றைக் கூட்டி அள்ளி முடிக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. அலுமாரிக் கண்ணாடியின் தூள் சாமியறை வரைக்கும் போயிருந்தது. என் செருப்புக்குள்ளேயும் இருந்தது. தகரத் துண்டுகளைக் கையால் பொறுக்கியதில் இரண்டு விரல்கள் வெட்டுப்பட்டு, ஏற்பு ஊசி போட்டுக்கொண்டேன். எதையாவது மிச்சம் வைத்திருப்பாய் என்று தேடிப் பார்த்தேன். முப்பத்தேழு விளையாட்டுச் சாமான்களில் ஒன்றைக்கூட நீ விடவில்லை. சிலவற்றுக்கு ஓர் அடி போதாமல் மூன்று நான்கு போட்டிருக்கிறாய். நான் எடுத்தால் நீ தொலைபேசியைத் தொடுவதில்லை என்பதால் எழுதுகிறேன். அச்சுவேலித் தபால் கந்தோரில் இருபத்தாறு வருடம் மற்றவர்களின் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவள் நான். பெற்ற பிள்ளைக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆறுதலாக இருந்து வாசி. நடுவில் கிழித்துப் போட வேண்டும் போலிருந்தால், கொஞ்சம் பொறுத்து மிச்சத்தையும் வாசித்துவிட்டுக் கிழி.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நான் நின்ற இடத்திலிருந்து முதலில் சொல்லிவிடுகிறேன். உன் கலியாணத்துக்கு ஐந்து கிழமை இருந்தது. தரணியைச் சாவகச்சேரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் கூட்டிக்கொண்டு வந்தாய். மதியம் சாப்பிட்டு முடிய, அவள் என் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் நின்று உள்ளே இருந்தவற்றைப் பார்த்தாள். நான் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். சாவி முறுக்கினால் நடக்கிற ரோபோ, சந்திரனில் ஓடுகிற வண்டி, மேசை விளிம்புக்கு வந்ததும் தானாகத் திரும்பிக்கொள்கிற பறக்கும் தட்டு. அவள் சிரித்தாள், அவை எந்தக் காலத்துச் சாமான்கள், எங்கே கிடைத்தன என்றெல்லாம் கேட்டாள். எனக்கு அவளைப் பிடித்திருந்தது. அப்போது நீ மேல்தட்டிலிருந்து ஒரு ராக்கெட்டை எடுத்துக் காட்டக் கையை நீட்டினாய். உன் இடது கை முழுதாக நீளாது. அவள் எலும்பு முறிவு வார்டில் வேலை செய்கிற தாதி. உன்னிடம் எத்தனையோ தரம் கேட்டிருப்பாள், நீ மழுப்பியிருப்பாய். அன்றைக்கு என்னைக் கேட்டாள்.

“இவரின்ரை கை எப்பிடி முறிஞ்சது, மாமி?”

“சின்னனிலை சைக்கிளாலை விழுந்தவன்,” என்றேன் நான்.

பதினைந்து வருடமாகச் சொல்லிப் பழகிய பொய். எங்கும் தடக்காமல் வந்தது. நீ பின்பக்கம் போனாய். தேங்காய் உரிக்கிற அலவாங்கோடு திரும்பி வந்தாய். முதல் அடி அலுமாரிக் கண்ணாடிக்கு விழுந்தது. பிறகு தட்டுத் தட்டாக வழித்து நிலத்தில் கொட்டி, குனிந்து நின்று அடித்தாய். தகரம் நசிகிற சத்தம் பெரிதில்லை, ஆனால் பல்லுக்குள்ளே கூசும். நான் உன் தோளைப் பிடித்தேன். நீ திரும்பி அலவாங்கை என் தலைக்கு மேலே ஓங்கினாய். உன் முகத்தை நான் அப்படி ஒருநாளும் கண்டதில்லை, ஆனால் அந்த முகம் யாருடையது என்று எனக்குத் தெரிந்திருந்தது. தரணி பாய்ந்து இரண்டு கையாலும் அலவாங்கைப் பிடித்தாள். நீ உதறினாய். இரும்பின் முனை அவளுடைய மணிக்கட்டில் பட்டது. அவள் அழவில்லை, அப்படியே நிலத்தில் குந்தினாள். நீ அலவாங்கைப் போட்டுவிட்டு வெளியே போய் மோட்டார் சைக்கிளை எடுத்தாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்ல முன்னம் உனக்குத் தெரியாத வேறு இரண்டைச் சொல்ல வேண்டும்.

உன் மாமாவின் கண் பனைமட்டை பட்டுப் போனது என்றுதான் உனக்கும் சொல்லியிருக்கிறோம். அது பொய். நாங்கள் வடக்குக் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் என்பது உனக்குத் தெரியும். என் அம்மாவின் தம்பி கப்பலில் வேலை செய்தார். ஜப்பான் துறைமுகங்களுக்குப் போய் வருகிறபோதெல்லாம் எனக்கும் அண்ணைக்கும் விளையாட்டுச் சாமான் கொண்டு வருவார். ஊரில் மற்றப் பிள்ளைகளிடம் மரக்கட்டைக் கார் இருந்த காலத்தில் எங்களிடம் ரோபோ இருந்தது. முழங்கால் உயரம், சாம்பல் நிறம், பற்றரி போட்டால் ஐந்தடி நடந்து வந்து நிற்கும், நெஞ்சுக் கதவு இரண்டும் திறக்கும், உள்ளே இருக்கிற இரண்டு குழல்களும் விளக்கெரிந்து வெடிக்கிற மாதிரிச் சத்தம் போடும். நாங்கள் அதற்குத் தகரத்தான் என்று பெயர் வைத்தோம். என்னுடையது ஒரு துவக்கு. விண்வெளிக்குப் போகிறவர்கள் பிடித்திருப்பார்களாம், அப்படி ஒரு சிவப்புத் துவக்கு. விசையை இழுத்தால் உள்ளே சக்கரமும் கல்லும் உரசி, முன்பக்கக் கண்ணாடிக்குள்ளே பொறி பறக்கும். தகரத்தான் செவ்வாயிலிருந்து வருவான், நான் அவனைச் சுடுவேன், அண்ணை இரண்டு பக்கத்துக்கும் குரல் கொடுப்பார். அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. என்னோடு விளையாடுகிற வயதை அவர் தாண்டியிருந்தார், ஆனாலும் விளையாடினார்.

எங்கள் ஊருக்குள் இராணுவம் வந்த காலம் அது. ஒருநாள் காலை எட்டு மணியிருக்கும், ஒழுங்கையால் ட்ரக் ஒன்று மெதுவாக வந்தது, பக்கத்தில் சிப்பாய்கள் நடந்து வந்தார்கள். எல்லோரையும் உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு அம்மா கதவைச் சாத்தினாள். நான் பின்கதவால் வந்து வேலிக்குப் பக்கத்தில் நின்றேன். கிடுகுக்கு நடுவில் ஒரு ஓட்டை இருந்தது. அதற்குள்ளே துவக்கின் வாயை வைத்து, அவர்களைச் சுட்டேன். விளையாட்டுக்கில்லை, தம்பி. அவர்கள் சாக வேண்டும் என்று நினைத்துத்தான் சுட்டேன். முதல் நாள் பக்கத்து ஒழுங்கையில் ஷெல் விழுந்து என்னோடு படித்த ஒருத்தி செத்திருந்தாள். வேலி நிழலுக்குள் பொறி பறந்தது வெளியே தெரிந்திருக்கிறது. அடுத்த நிமிடம் படலை உடைந்து விழுந்தது. அண்ணை எப்படி வெளியே வந்தார் என்று தெரியாது. என் கையிலிருந்த துவக்கைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு, என்னைத் தனக்குப் பின்னால் தள்ளினார். “நான்தான், நான்தான்” என்று தன் நெஞ்சில் தட்டிக் காட்டினார். அவர்களுக்கு அந்தச் சொல் விளங்கியிராது, தட்டிக் காட்டியது விளங்கியது.

துவக்குப் பிடியால் வயிற்றில் அடித்தார்கள். விழுந்ததும் சப்பாத்துக் காலால் அடித்தார்கள். ஒருவன் வீட்டுக்குள்ளே போய் எல்லாவற்றையும் இழுத்து முற்றத்தில் எறிந்தான். அதிலே தகரத்தானும் வந்து விழுந்தது. அதைக் கண்டதும் ஒருவன் சிரித்தான். மற்றவன் சிரிக்கவில்லை. அவன் தகரத்தானைக் காலில் பிடித்துத் தூக்கி, அண்ணையின் முகத்தில் அதாலேயே அடித்தான். இரண்டாவது அடியில் நெஞ்சுக் கதவின் விளிம்பு கண்ணுக்குள்ளே போனது. அண்ணை போட்ட சத்தத்தை எழுத எனக்கு எழுத்தில்லை. முகம் முழுக்க இரத்தத்தோடு ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினொரு நாள் கழித்து விட்டார்கள். கண் போயிருந்தது. வெளியே யாரும் கேட்டால் பனைமட்டை பட்டது என்று சொல்லும்படி அப்பா எங்களுக்குச் சொன்னார். இராணுவம் அடித்தது என்று வெளியே தெரிந்தால் மற்றப் பக்கத்திலிருந்து இயக்கத்தாரும் வந்து கேள்வி கேட்பார்கள் என்று பயம். யார் சுட்டது என்று அப்பாவும் அம்மாவும் ஒருநாளும் கேட்கவில்லை. இந்த வயதில் என்னடா உனக்கு விளையாட்டு என்று அண்ணையைத்தான் ஏசினார்கள். நான் பக்கத்திலே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. பிறகு அண்ணை கனடாவுக்குப் போய்விட்டார். அப்பாவும் அம்மாவும் அவருடைய விளையாட்டுப் புத்தியால்தான் கண் போனது என்று நினைத்துக்கொண்டே செத்துப் போனார்கள்.

நான் ஏன் இவற்றைச் சேர்க்கத் தொடங்கினேன் என்று உன் அப்பா பலமுறை கேட்டார். அழகாக இருக்கின்றன என்று சொல்வேன். அதுவும் பொய்யில்லை. கந்தோரில் ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த பார்சல் ஒன்று கிழிந்து, உள்ளேயிருந்து ஒரு தகர ரோபோவின் தலை வெளியே தெரிந்தது. அதைப் பெற வந்த கிழவர் பழைய விளையாட்டுச் சாமான் சேர்ப்பவர். அவரிடமிருந்துதான் எல்லாம் பழகினேன். எது அந்தக் காலத்துத் தகரம், எது பிறகு அச்சடித்துச் செய்த போலி என்று மடித்த விளிம்பைத் தடவியே சொல்லிவிடுவேன். பற்றரி பெட்டிக்குள் பிடித்த களிம்பை வினாகிரி தோய்த்த பஞ்சால் எடுப்பேன். தென்மராட்சியில் ஒரு வளவில் கிணறு இறைத்தபோது, இடம்பெயர்ந்து போனவர்கள் போட்டுவிட்டுப் போன பித்தளைச் சாமான்களோடு ஒரு விளையாட்டு ராக்கெட்டும் வந்தது என்று கேள்விப்பட்டு பஸ் எடுத்து ஓடினேன். அந்தச் சேறு படிந்த ராக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்த பயணத்தைப் போல ஒரு சந்தோஷத்தை நான் உன்னோடுகூட அனுபவித்ததில்லை என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அவ்வளவும் சுற்றுவழி. நான் தேடியது இரண்டே இரண்டைத்தான். தகரத்தான் கடைசிவரை கிடைக்கவில்லை. சிவப்புத் துவக்கு கிடைத்தது. ஒல்லாந்திலிருந்து ஒருவர் அனுப்பினார். பெட்டியைப் பிரித்து விசையை ஒருதரம் இழுத்தேன், பொறி பறந்தது, நான் கழிவறைக்குப் போய்ச் சத்தி எடுத்தேன். பிறகு அதைத் துடைத்து அலுமாரியில் நடுத்தட்டில் வைத்துப் பூட்டினேன். அதை ஏன் எறியவில்லை என்று கேட்காதே. 

உனக்குப் பத்து வயது. சண்டை முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் சாவியை மறந்து அலுமாரியில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது நீ படலையடியில் நின்றாய், கையில் சிவப்புத் துவக்கு. ரோட்டால் இராணுவ வாகனம் ஒன்று போனது. நீ நீட்டி இழுத்தாய். வாகனத்தின் பின்பக்கம் இருந்த சிப்பாய், இருபது வயதுகூட இருக்காது, சிரித்துக்கொண்டு நெஞ்சைப் பொத்தி விழுகிற மாதிரிக் காட்டிவிட்டுக் கையசைத்தான். வாகனம் நிற்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. அதை நான் கண்டேன், தம்பி. ஒன்றும் நடக்கவில்லை என்பதை என் இரண்டு கண்ணாலும் கண்டேன். கண்ட பிறகும் உன்னைத் தலைமயிரில் பிடித்து உள்ளே இழுத்தேன். யன்னல் சீலை தொங்கிய இரும்புக் கம்பியைப் பிடுங்கினேன். நீ “அம்மா, இனிச் செய்யமாட்டன்” என்றாய். முகத்தை மறைக்க இடது கையை உயர்த்தினாய். நான் அந்தக் கையில் அடித்தேன். முறிந்த சத்தம் கேட்டது. கேட்ட பிறகும் நிறுத்தவில்லை. அப்பா கடையிலிருந்து வந்து கம்பியைப் பறித்திராவிட்டால் எங்கே போய் நின்றிருப்பேன் என்று இன்றைக்கும் தெரியாது. நான் பயந்து போய்த்தான் அடித்தேன் என்று இத்தனை வருடமாக எனக்கே சொல்லி வந்திருக்கிறேன். முதல் அடி பயத்தால் விழுந்தது என்று வைத்துக்கொள். மற்றவை எனக்கு இலகுவாக இருந்ததால் விழுந்தவை. அடிக்க அடிக்க உள்ளே ஏதோ இறங்கியது. அதைத்தான் நான் உனக்கு ஒளித்தேன்.

ஆட்டோவில் போகிற வழியில் உனக்குச் சொல்லித் தந்தேன், சைக்கிளால் விழுந்ததென்று சொல்ல வேண்டும் என்று. வைத்தியர் கேட்டபோது நீ அச்சொட்டாக அப்படியே சொன்னாய். எந்த இடத்தில் விழுந்தாய் என்று அவர் கேட்க, நீயாகவே ஒரு மதகைச் சொன்னாய். நான் உன்னைப் பார்த்துத் தலையாட்டினேன், கெட்டிக்காரன் என்கிற மாதிரி. கட்டு ஒழுங்காகப் பொருந்தாமல் கை வளைந்து போனது. மறுபடி உடைத்து வைக்க வேண்டும் என்றபோது, கேள்விகள் வரும் என்று பயந்து நான் உன்னைக் கொண்டு போகவில்லை. அப்பா அந்தச் சாமான்கள் எல்லாவற்றையும் கொளுத்தச் சொன்னார். மாட்டேன் என்றேன். அவர் எட்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை. உன் கை கட்டோடு இருந்த அதே மாதத்தில் நான் இன்னொரு ரோபோ எடுப்பித்தேன். அப்பா போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. இதை அறிந்த ஒரேயொரு சாட்சி போய்விட்டது என்று அந்தச் செத்தவீட்டில் ஒரு கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். நீ இருந்தாய் என்பது அந்தக் கணத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இனி நீ போன பிறகு நடந்தது. தரணியை ஆட்டோவில் ஏற்றி அவள் வேலை செய்யாத ஒரு வைத்தியசாலைக்குத்தான் கொண்டு போனேன்; அவளே அப்படிக் கேட்டாள். மணிக்கட்டில் மெல்லிய வெடிப்பு. எப்படி நடந்தது என்று கேட்ட வைத்தியருக்கு அவள் சொன்னாள், “கால் தடக்கி விழுந்திட்டன்.” முகத்தில் ஓர் அசைவுமில்லை. எங்கள் வீட்டில் ஒரு மத்தியானம் இருந்து சாப்பிட்டதுக்கே அவளும் பழகிவிட்டாள். அங்கே நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. நான்காம் நாள் அவள் தனியே பஸ்ஸில் வந்தாள், கையில் கட்டோடு. கதிரையில் இருந்து, தனக்கு நீ நாற்பது தரம் தொலைபேசி எடுத்ததாகவும், அழுததாகவும், இனி ஒருநாளும் நடக்காது என்று சொன்னதாகவும் சொன்னாள். பிறகு நேரே கேட்டாள், இவரை நான் கட்டலாமா, மாமி, உண்மையைச் சொல்லுங்கோ என்று.

நான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். வேலி ஓட்டை, அண்ணையின் கண், யன்னல் கம்பி, மதகு, எல்லாம். சொல்லி முடிய, இரங்கிக் கட்டாதே என்றேன். அவன் நல்லவன்தான், பிள்ளை, ஆனால் அன்றைக்கு அந்த இரும்பு என் தலைக்கு மேலே நின்றது, உன் கையில் விழுந்தது. இன்னொரு நாள் நான் இல்லாத வீட்டில் அது எங்கே விழும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது என்றேன். நீ இதை வாசித்துவிட்டுப் பல்லைக் கடிப்பாய். உன் கலியாணத்தை நான் குழப்பிவிட்டேன் என்பாய். ஓம், குழப்பினேன். உனக்காக ஒரு பொய் சொல்ல அந்த மத்தியானம் எனக்கு வழி இருந்தது, சொல்லவில்லை. அவள் கட்டுப் போட்ட கையை மடியில் தூக்கி வைத்தாள். பிறகு சொன்னாள், “கலியாண நாளைத் தள்ளி வைப்பம், மாமி. அவர் ஆரோடையாவது இருந்து இதைக் கதைச்சு முடிக்கட்டும். அதுக்குப் பிறகு நான் முடிவெடுக்கிறன். வேண்டாமெண்டும் எடுக்கலாம்.” அவளுடைய வீட்டாருக்கு நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். போய்ச் சொன்னேன். அவளுடைய தகப்பன் என்னை இருக்கச் சொல்லவில்லை; நின்றுகொண்டே சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். முப்பத்தெட்டு வருடத்தில் நாங்கள் இருவரும் அந்தக் காலையைப் பற்றி ஒரு சொல் கதைத்ததில்லை. நான் சுட்டதையும், உன் கையை முறித்ததையும் ஒப்புக்கொண்டு அழத் தொடங்கினேன். அவர் என்னை அழ விட்டார். பிறகு சொன்னார், “என்ரை கண்ணை எடுத்தவன் அவன், தங்கச்சி. நீயில்லை. உனக்கு அப்ப ஒன்பது வயசு.” எனக்கு நெஞ்சு இலேசாகிற நேரத்தில் அவர் கேட்டார், “தம்பியின்ரை கையை முறிச்சேக்கை உனக்கு எத்தினை வயசு?”  அதை மன்னிக்கிற உரிமை தனக்கில்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவருக்கு என்னோடு கோபமில்லை. ஆனால் எனக்குக் கிடைக்க வேண்டியதற்கு மேலே ஒன்றும் தரவில்லை. அது சரி என்றுதான் படுகிறது.

உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி மிகவும் கொஞ்சம், தம்பி. அடிக்கிற கைக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். எனக்கு அண்ணையின் கண் இருந்தது, உனக்கு உன் கை இருக்கிறது, அந்தச் சிப்பாய்க்கும் ஏதோ இருந்திருக்கும். காரணம் உண்மையானதாகவும் இருக்கலாம். ஆனால் அடி விழுகிற இடத்தில் இருப்பவருக்கு அந்தக் காரணத்தோடு ஒரு தொடர்பும் இராது. நீ உடைத்த முப்பத்தேழுக்காக எனக்கு உன் மேலே கோபமில்லை. உடைக்க வேண்டியவைதான், நான் உடைத்திருக்க வேண்டியவை. தரணியின் மணிக்கட்டுக்காகக் கோபம் இருக்கிறது. அதை ஒளிக்க மாட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை நான் மனநல வைத்தியரிடம் போனேன். உன்னைப் போகச் சொல்ல முன்னம் நான் போக வேண்டும் என்று பட்டது. உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், ஒரு பெண் பிள்ளை. என்ன பிரச்சினை என்று கேட்டார். நான் என் மகனுடைய கையை முறித்தவள் என்றேன். அவர் அதைக் கடுதாசியில் எழுதினார். அது எழுத்தில் வந்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கேட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் எழுதுவதை நிறுத்தினார்.

“எத்தினை அடி அடிச்சனீங்கள், அம்மா?”

தெரியாது, நான் எண்ணவில்லை என்றேன்.

“அவர் எண்ணியிருப்பார்,” என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுதான் ஓடியது. எண்ணினாயா, தம்பி? அந்தக் கையை முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று உள்ளே சொல்லிக்கொண்டு நின்றாயா? எத்தனை என்று எனக்கு எழுது. எழுத முடியாவிட்டால் வந்து சொல். சைக்கிளையும் மதகையும் விட்டுவிட்டு, அன்று நடந்ததை நடந்த மாதிரியே, கடைசி அடி வரைக்கும் சொல். ஒரு சொல் குறுக்கிட மாட்டேன். நீ சொல்லி முடிக்கும்வரை எழும்பவும் மாட்டேன்.

அம்மா